சேனல் மெயின்டனன்ஸ் ஃப்ளோ: தமிழில் என்ன சொல்லலாம்?

ஆற்றின் தடம் தூர்ந்து குறுகாமலிருக்க ஆற்றில் ஓடவிட வேண்டிய தண்ணீருக்கு ஆங்கிலத்தில் ‘சேனல் மெயின்டனன்ஸ் ஃப்ளோ’ என்று பெயர். அப்படியே பெயர்த்தால் ‘கால்வாய்ப் பராமரிப்பு ஓட்டம்’ என்று வரும். அதைப் படிக்கிற சென்னைக்காரருக்குப் பக்கிங்காம் கால்வாயில் பொக்லைன் இறக்கித் தூர்வாருவதுதான் நினைவுக்கு வரும். இங்கே சேனல் என்பது மனிதர் வெட்டிய கால்வாய் அல்ல, ஆறு தானே அறுத்துக்கொண்ட தடம். அதைப் பராமரிப்பதும் நாம் அல்ல, தண்ணீர்தான்.

சொல் பரவியது அமெரிக்க வனத்துறை வழியாக. அங்கே 1897 சட்டப்படி தேசியக் காடுகளின் நோக்கங்களில் நீரோட்டத்தைக் காப்பதும் ஒன்று. மீனுக்கும் பொழுதுபோக்குக்கும் அந்தச் சட்டத்தைக் காட்டித் தண்ணீர் உரிமை கேட்க முடியாது என்று 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, ஆற்றுத்தடம் கெடாமலிருக்கவே தண்ணீர் வேண்டும் என்று வனத்துறை வாதாடத் தொடங்கியது.

எவ்வளவு தண்ணீர்? கோடையில் கசியும் ஓட்டம் மீனை உயிரோடு வைக்கும், படுகையை அலசாது. கரையை முட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஏறினால் வழிந்துவிடும் என்கிற அளவில் வரும் வெள்ளம்தான் கணக்கின் மையம். பல ஆறுகளில் இது ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். நீண்டகாலத்தில் வண்டலை அதிகம் சுமப்பது அபூர்வமான பெருவெள்ளம் அல்ல, இந்த மாதிரி நடுத்தர வெள்ளம்தான் என்று வோல்மன், மில்லர் என்ற ஆய்வாளர்கள் 1960-ல் காட்டினார்கள். கரைச்சரிவு எங்கே சட்டென்று மட்டமாகிறது, நிலையான செடிகொடி எங்கே தொடங்குகிறது என்று ஆற்றிலேயே இறங்கிப் பார்த்து அந்த மட்டத்தைக் குறித்து, பல வருட நீரளவுப் பதிவோடு ஒப்பிடுவார்கள். ஆனால் அமெரிக்கக் கணக்குகளில் பல, கூழாங்கல் படுகைக்கு எழுதியவை. நம்முடையவை மணல் ஆறுகள், அதுவும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுபவை, அவர்கள் எண்ணை அப்படியே கொண்டுவர முடியாது.

சென்னைக்கு வடக்கே கடலில் சேரும் கொசஸ்தலை ஆற்றில் 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. குடிக்கத் தண்ணீர் வேண்டும், சரி. ஆனால் நடுத்தர வெள்ளத்தை நீர்த்தேக்கமே வாங்கிக்கொண்டால், கீழே காய்ந்த படுகையில் சீமைக்கருவேலம் வேர்விட்டு மண்ணைப் பிடிக்கும், தடம் குறுகி மேடாகும், அப்புறம் பெருமழை கொட்டும்போது தண்ணீர் ஊருக்குள்தான் போகும்.

‘என்விரான்மென்டல் ஃப்ளோ’ என்பதற்குச் சொல்லும் ‘சூழல் நீரோட்டம்’ இதைவிடப் பரந்த சொல். மீன், கழிமுகம், கரையோர மக்கள் எல்லாம் அதில் அடங்கும். இந்தக் குறிப்பிட்ட பங்குக்கு ‘தடம் பேணும் பெருக்கு’ என்பதே பொருந்தும் என்பேன். ‘ஓட்டம்’ என்றால் சும்மா ஓடினாலே போதும் என்று தோன்றும். ஆடிப்பெருக்கில் இருக்கிற ‘பெருக்கு’ ஆறு ஏறி வருவதைச் சொல்கிறது. நீர்த்தேக்கம் நிரம்பியபின் உபரியாக விடுவது வேறு. மதகு திறக்கும் விதிகளிலேயே இந்தப் பெருக்குக்கு என்று ஒரு பங்கை எழுதிவைக்க வேண்டும்.