சிகிச்சைக்குப் போனால் வழக்கு வருமா? போதைப் பழக்கத்துக்கு ஆளான மாணவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குக் கஞ்சாப் பழக்கம் இருப்பது தெரியவரும் வீட்டில், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே ஒரு கேள்வி எழுகிறது: டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் போலீஸுக்குத் தகவல் போய்விடுமா, வழக்கு வந்துவிடுமா? வெளிநாட்டு வேலையை நம்பிப் படிக்க வைக்கும் குடும்பங்கள் நிறைந்த குமரி மாவட்டத்தில், பாஸ்போர்ட்டுக்கும் காவல்துறைச் சான்றிதழுக்கும் வழக்கு தடையாகிவிடும் என்ற அச்சம் இயல்பானதே. ஆனால் அந்த அச்சத்தினால் சிகிச்சை தள்ளிப்போவதுதான் பெரிய இழப்பு. சட்டமே இதை உணர்ந்து, சிகிச்சைக்கு முன்வருபவருக்கு ஒரு பாதுகாப்பை எழுதி வைத்திருக்கிறது.

போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985-இன் 64ஏ பிரிவில் அது உள்ளது. போதைப்பொருளை உட்கொண்டதற்காக 27-ஆம் பிரிவின்கீழோ, ‘சிறிய அளவு’ தொடர்பான குற்றத்துக்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், போதைக்கு அடிமைப்பட்டவராக இருந்து, அரசு அல்லது உள்ளாட்சி அமைப்பு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ தாமாகவே முன்வந்து சிகிச்சை பெற்றால், அக்குற்றங்களுக்காக அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது என்று அப்பிரிவு சொல்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இந்த விலக்கைத் திரும்பப் பெறலாம் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். ஏனெனில் இது மத்திய சட்டம்.

‘சிறிய அளவு’ என்பது பொருளுக்குப் பொருள் மாறுவதை மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். கஞ்சாவுக்கு அது 1 கிலோ, கஞ்சாச் செடியின் பிசினான சரஸுக்கு 100 கிராம், ஹெராயினுக்கு 5 கிராம், செயற்கைப் போதைப்பொருளான எம்.டி.எம்.ஏ.வுக்கோ வெறும் அரை கிராம். கலந்திருக்கும் வேறு பொருளையும் சேர்த்து மொத்த எடையையே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருப்பதால், அந்த வரம்பு நினைப்பதைவிட எளிதாகத் தாண்டிவிடும். தாண்டிவிட்டால் 64ஏ பிரிவு கைகொடுக்காது. நண்பனுக்காக ஒரு பொட்டலத்தை வாங்கிக் கொடுக்கவோ, பையில் வைத்துக் கொண்டுபோகவோ ஒப்புக்கொள்ளும் மாணவர், தாம் உட்கொள்ளாத பொருளுக்காகவும் கடுமையான பிரிவுகளில் சிக்கிக்கொள்ளக்கூடும். சட்டம் ‘வணிக அளவு’ என்று வகுத்திருக்கும் பெரிய அளவு என்றால் ஜாமீன் கிடைப்பதே அரிது.

இப்பாதுகாப்பு அடிமைப்பட்டவருக்கு, அதாவது அப்பொருளைச் சார்ந்திருக்கும் நிலையை அடைந்தவருக்கு உரியது. அந்த நிலையை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர். ஆகவே எழுத்து ஆவணம் முக்கியம். ஓ.பி. சீட்டில் தேதியும், மருத்துவர் எழுதிய குறிப்பும், அடுத்து வரவேண்டிய நாளும் இருக்கும். அந்தச் சீட்டுகளை மருந்து வாங்கியதும் வீசிவிடாமல், ஒன்றுவிடாமல் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். தாமாக முன்வந்ததற்கும், இடைவிடாமல் சிகிச்சை பெற்றதற்கும் பின்னாளில் அவையே சான்று. சிகிச்சைக்கு இடையில் ஒருமுறை மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டாலும், வெட்கப்பட்டு நின்றுவிடாமல் அதே மருத்துவரிடம் சொல்லித் தொடர வேண்டும். அது இந்நோயில் அடிக்கடி நேர்வதுதான்.

நம் மாவட்டத்தில் ஆசாரிபள்ளத்திலுள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை முதலில் அணுகலாம். தக்கலைப் பக்கத்தில் இருப்பவர்கள் பத்மநாபபுரம் அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். கஞ்சாவை நிறுத்தும்போது தூக்கமின்மையும் எரிச்சலும் சில வாரங்கள் இருக்கும். பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற முடியும். மதுவின் நிலை வேறு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாள்களில் வலிப்போ மனக்குழப்பமோ வரக்கூடும்; உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஆதலால், ‘அறையில் பூட்டி வைத்தால் தானே சரியாகிவிடும்’ என்று எந்தப் பெற்றோரும் எண்ண வேண்டாம்.

தனியார் மறுவாழ்வு இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி மது, போதைப்பொருள் பயன்பாட்டினால் வரும் மனநிலைகளும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. அத்தகையோரைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டி வைப்பதை அச்சட்டம் முற்றாகத் தடைசெய்கிறது. 18 வயது நிறைந்த மாணவரைப் பெற்றோரின் விருப்பம் ஒன்றை மட்டுமே காரணமாகக் கொண்டு அடைத்து வைக்கவும் முடியாது. அவர் சம்மதமின்றிச் சேர்ப்பதற்குச் சட்டம் தனி நிபந்தனைகளை விதித்திருக்கிறது. 64ஏ பிரிவின் பாதுகாப்பும் அங்கீகாரமற்ற இல்லத்தில் தங்கியதற்குக் கிடைக்காது.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் தகவலை இரகசியமாகக் காக்க வேண்டிய கடமையை மருத்துவருக்கு விதிக்கிறது. நீதிமன்ற உத்தரவு, பிறர் உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் கல்லூரி நிர்வாகம் கேட்பது என்பது இல்லை. வருகைப்பதிவுக்காக மருத்துவச் சான்றிதழ் தரவேண்டியிருந்தால், எந்த அளவுக்கு விவரம் எழுதினால் போதும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வழக்குப் பதிவாகிவிட்டதா? அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, அதற்கான ஆவணங்களுடன் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் 64ஏ பிரிவைக் கோரலாம். குற்றவாளி என்று தீர்ப்பான பின்னரும்கூட, அடிமைப்பட்டவரை உடனே சிறைக்கு அனுப்பாமல், அவர் சம்மதத்துடன் சிகிச்சைக்காக விடுவிக்கப் போதைப்பொருள் சட்டத்தின் 39-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் நாகர்கோவிலிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100.

முகம் காட்டத் தயங்கும் மாணவர்கள் போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற எண்ணையும், மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணையும் அழைக்கலாம். இரண்டுக்கும் கட்டணமில்லை; 14416-இல் தமிழிலேயே பேசலாம்.