அரித்மியா: இதயத் துடிப்புச் சீரின்மை

அரித்மியா என்பது கிரேக்க வழிச் சொல். இன்மையைக் குறிக்கும் ‘அ’ என்ற முன்னொட்டும், ஒழுங்கான அசைவைக் குறிக்கும் ‘ரித்மோஸ்’ என்ற சொல்லும் சேர்ந்து ‘தாளமின்மை’ என்ற பொருளைத் தருகின்றன. எனினும் இதயம் மிக விரைந்தோ, மிக மெதுவாகவோ, இடைவிட்டோ துடிக்கும் நிலைகள் அனைத்தையும் மருத்துவர்கள் இப்பெயரால் சுட்டுவதால், ‘இதயத் துடிப்புச் சீரின்மை’ என்பதே பொருந்தும். ‘படபடப்பு’ என்பது நோயாளி உணர்வதைச் சொல்லும் சொல்லேயன்றி, நோயின் பெயரன்று.

கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ மழைநீர் தேங்கிய வீட்டில், ஈரக்கையால் மோட்டார் சுவிட்சைத் தொட்டு விழுந்தவரைப் பற்றி, ‘கரண்ட் அடிச்சு ஹார்ட்டு நின்னுடுச்சு’ என்று அக்கம்பக்கத்தார் சொல்வதுண்டு. பெரும்பாலும் அந்த இதயம் உடனே நின்றிருக்காது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம் மார்பின் வழியே பாய்ந்தால், இதயத்தின் சொந்த மின்தூண்டலைக் குலைத்து, கீழறைத் தசையிழைகளை ஒன்றோடொன்று இணங்காமல் தனித்தனியே நடுங்கச் செய்யக்கூடும். அப்போது நாடி கிடைக்காது. ஈசிஜி தாளில் மட்டும் ஒழுங்கற்ற நெளிகோடு ஓடிக்கொண்டிருக்கும். துடிப்புச் சீரின்மையின் இக்கொடிய வகைக்கு ஃபைப்ரிலேஷன் என்று பெயர். இலத்தீனில் ‘ஃபைப்ரில்லா’ என்றால் சிற்றிழை. ஆகவே ‘கீழறை இழைநடுக்கம்’ என்பது நேரான தமிழ். இங்கே ‘துடிப்பு’ என்ற சொல்லைத் தவிர்ப்பதே நல்லதென்பேன். தமிழில் நெஞ்சும் துடிக்கும், காசிமேட்டில் கரையேறிய மீனும் துடிக்கும். மின்னல் தாக்கியவருக்கோ இதயம் முற்றிலும் நின்றுபோவதே மிகுதி என்பதால், அக்கம்பக்கத்தார் சொல் அங்கே சரியாகவே பொருந்தும்.

ஷாக் அடித்துச் சில நாள் கழித்துத் திடீரென இதயம் நின்றுவிடும் என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. வீட்டு மின்சாரம் தாக்கியும் மயங்காமல், முன்பே இதய நோய் இல்லாமல், முதல் ஈசிஜியும் இயல்பாக இருப்பவருக்கு அவ்வாறு நேர்வது மிக அரிது. மயங்கியவர், 1000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தாக்கியவர், ஈசிஜியில் மாறுதல் காட்டுபவர் ஆகியோரையே பொதுவாக மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பார்கள்.

நெஞ்சில் மின்னதிர்வு கொடுத்து இந்த இழைநடுக்கத்தை நிறுத்தும் கருவியான டிஃபிப்ரிலேட்டரை ‘நடுக்கநீக்கி’ எனலாம். 1899இல் ஜெனீவாவில் பிரெவோ, பட்டெல்லி என்ற இருவர், நாயின் இதயத்தில் மின்சாரத்தால் நடுக்கத்தை உண்டாக்கி, வலுவான மின்சாரத்தாலேயே அதை நிறுத்தியும் காட்டினார்கள். மெயினை அணைத்தபின் 108 வண்டி வரும்வரை நெஞ்சின் நடுவே விடாமல் அழுத்துவது மூளைக்குக் குருதியை அனுப்பி உயிரைப் பிடித்துவைக்கும். நடுக்கத்தை நீக்குவது அந்தக் கருவியே.