"ஈஜிஆரை அடைச்சு விட்டுடுங்கண்ணே"

பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்வதில்லை. நேராக மருந்தைச் சொல்லிவிடுகிறார்கள். "அண்ணே, அந்த ஈஜிஆரை ஒரு தகடு வச்சு அடைச்சு விட்டுடுங்க." புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் வால்வும் பைப்பும்தான் ஈஜிஆர். ஒட்டன்சத்திரம் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். வருவதில் பாதி காய்கறி லோடு அடிக்கும் வண்டிகள். அடைத்தால் புகை குறையும், இழுவை கூடும் என்று டீக்கடையில் இன்னொரு டிரைவர் சொல்லியிருப்பார், இல்லை யூடியூபில் பார்த்திருப்பார்கள்.

போன தை மாதம் ஒரு 2012 மாடல் பிஎஸ்-3 (பாரத் ஸ்டேஜ் என்ற மாசு விதியின் மூன்றாம் கட்டம்) வண்டி வந்தது. வந்தவரின் புகார் புகை இல்லை, பிரேக். "பாச்சலூர் இறக்கத்துல பெடல் கல்லு மாதிரி ஆயிடுதுண்ணே, ரெண்டு காலையும் வச்சு மிதிக்க வேண்டியிருக்கு" என்றார். பிரேக் பேடு, ஆயில் எல்லாம் சரியாக இருந்தன. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈஜிஆர் பைப்பில் தகடு. அது மட்டும் இல்லை. வால்வைத் திறந்து மூடும் சோலினாய்டையும் கழற்றிவிட்டு, அதற்குக் காற்றை உறிஞ்சும் குழாயான வேக்கம் ஹோஸின் வாயைக் கறுப்பு டேப்பால் சுற்றியிருந்தார்கள். இன்ஜின் சூட்டில் டேப் இளகி ஒரு பக்கம் வாய் பிளந்து கிடந்தது. வண்டியை ஓடவிட்டு ஓட்டையில் விரலை வைத்தேன். வெடுக்கென்று உறிஞ்சியது.

ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஒரே வேக்கம் பம்ப்தான் அந்த வண்டியில் ஈஜிஆருக்கும், பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கும் வேலை செய்கிறது. ஒரு கிளையில் காற்று புகுந்தால் இன்னொரு கிளைக்கு இழுவை குறையும். சமதளத்தில் அவ்வளவாகத் தெரியாது. மலை இறக்கத்தில் அடுத்தடுத்து மிதிக்கும்போதுதான் பூஸ்டர் கைவிடும். புகைக்கென்று செய்த வேலை அவரைப் பள்ளத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும்.

சரி, இந்த ஈஜிஆர் என்னதான் செய்கிறது? சைலன்சருக்குப் போக வேண்டிய புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே விடுகிறது. எரிந்து முடிந்த புகை உள்ளே கலந்தால் சிலிண்டரில் எரியும் சூடு தணிகிறது. சூடு தணிந்தால் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் குறைவாக உண்டாகும். நுரையீரலை அரிப்பதும், வெயிலில் ஓசோன் உண்டாக வழிசெய்வதும் இந்த வாயுக்கள்தான். வீசிங் இருக்கும் குழந்தைகளுக்கு ரொம்பவே கெடுதல். இவை கரும்புகை மாதிரி கண்ணில் படாது. அதனாலேயே யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

"அடைச்சதும் வண்டி நல்லா இழுக்குதே" என்பார்கள். உண்மைதான், சில வண்டிகளில் இழுக்கும். ஆனால் நல்ல நிலையில் உள்ள ஈஜிஆர் வால்வு, ஃபுல் லோடில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து மேடு ஏறும்போது தானாகவே மூடிக்கொள்ளும். அப்போது அதை அடைத்தாலும் அடைக்காவிட்டாலும் ஒன்றுதான். அடைத்த பிறகு அப்படிப்பட்ட மேட்டிலும் இழுவை கூடியது என்றால், பெரும்பாலும் வால்வு மூடாமல் பாதியில் மாட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். அந்த வால்வு ஏன் மாட்டியது என்று யாரும் கேட்பதில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

வால்வைக் கழற்றினால் உள்ளே தார் மாதிரி கறுப்புப் பசை அப்பியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் கட்டி கட்டியாக விழும். புகைக்கரியும், பிரீதர் (இன்ஜின் மூச்சுவிடும் குழாய்) வழியாக வரும் ஆயில் ஆவியும் சேர்ந்துதான் இந்தப் பசை. கரி ஏன் இவ்வளவு? ஏர் ஃபில்டரை மாற்றாமல் ஊதி ஊதி ஓட்டியிருப்பார்கள். நாசில் தேய்ந்து, டீசலைத் தெளிக்காமல் ஒழுகவிட்டிருக்கும். டர்போவிலிருந்து வரும் ஹோஸ் கிளிப் அருகே விரிசல் விட்டுக் காற்று வெளியேறும், அந்த இடத்தில் ஆயில் ஈரம் காட்டிக்கொடுக்கும். ஆயில் அதிகம் குடித்தால் பிஸ்டன் ரிங்கையோ டர்போவையோ பார்க்க வேண்டும். இதில் எதையும் சரி செய்யாமல் வால்வை மட்டும் கழுவி மாட்டினால் சீக்கிரமே பழைய கதைதான்.

கழுவுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. கார்பன் கிளீனரில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். வால்வு உட்காரும் சீட்டில் கீறல் விழுந்தால் அப்புறம் மூடினாலும் கசியும். காற்று இன்ஜினுக்குள் போகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றாமல் உள்ளே சுரண்டக் கூடாது, உதிரும் கரி நேராக சிலிண்டருக்குள் போகும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது. வேக்கம் ஹோஸ் எல்லாவற்றையும் வளைத்துப் பார்க்க வேண்டும். பத்து வருஷ ரப்பர் வெளியே பளபளப்பாக இருந்தாலும் வளைத்தால் வெடிப்பு தெரியும்.

வால்வே போய்விட்டால்? பழைய மாடலுக்குப் புதுசு கிடைப்பது சிரமம் என்று பலர் சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு ஓடுகிறார்கள். பழைய சாமானை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கும் இடத்திலேயே வால்வுக்குள் இருக்கும் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) பிடிக்கிறதா என்று பாருங்கள். வால்வின் தண்டை உள்ளே தள்ளி, வேக்கம் துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை விடுங்கள். அப்படியே நின்றால் நல்லது, உடனே திரும்பினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதற்குப் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரைக் குத்தி எடுப்பது இன்னொரு வியாதி. உள்ளே தேன்கூடு மாதிரி இருப்பதில் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகம் பூசியிருக்கிறது. "அடைப்பு, எடுத்துடலாம்" என்று ஒருவர் சொன்னால், எடுத்த சாமான் யாரிடம் போகிறது என்று கேளுங்கள். நிஜமாகவே அடைத்திருந்தாலும் அதுவும் மேலே சொன்ன கரியின் வேலைதான்.

எங்கள் ஆட்களுக்கே பிடிக்காத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டீசல் வண்டிக்குப் புகை சர்டிபிகேட் கொடுக்கும் இடத்தில் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான். பிஎஸ்-4க்கு முந்தைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் (புகை அடர்த்தியின் அளவு) வரை போகலாம், பிஎஸ்-4க்கு 50 வரை. நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் அளப்பதில்லை. ஈஜிஆரை அடைத்த வண்டி அந்த மெஷினில் தாராளமாகப் பாஸாகும், சில நேரம் முன்பைவிடக் குறைவாகக்கூடக் காட்டும். அதனால்தான் இந்தத் தகடு வியாபாரம் நிற்கவில்லை. ஆனால் சட்டம் மெஷினோடு முடிவதில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தவறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் தனி.

அந்த 2012 வண்டிக்குத் தகட்டை எடுத்தேன், வால்வைக் கழுவினேன், ஹோஸ்களை மாற்றினேன், நாசிலை டீசல் பம்ப் ரிப்பேர் கடைக்கு அனுப்பிச் சரிபார்த்தேன். இரண்டு நாள் வண்டி நின்றது. அவர் முணுமுணுத்தார், லோடு போயிற்றே என்று. நியாயம்தான்.

பிஎஸ்-4க்கு முந்தைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகை சர்டிபிகேட் எடுக்க வேண்டும், எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று). டெஸ்டுக்குப் போகும்போது வண்டியை வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து அப்படியே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நுழையுங்கள். குளிர்ந்த இன்ஜின் இல்லாத புகையையும் காட்டும்.