குளிர் நடுக்கமா, மருந்து நடுக்கமா?

நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் கை நடுங்காதவரைப் பார்ப்பது அரிது. உறைபனி விழுந்த காலைகளில் மனநல வெளிநோயாளர் பிரிவின் முன் நிற்பவர்கள் எல்லோருமே கைகளைக் கம்பளிக்குள் புதைத்திருப்பார்கள். மேசைக்கு வந்து சீட்டை நீட்டும்போதுதான் கை வெளியே வரும். அந்தக் கையைப் பார்க்க மனநலச் செவிலியருக்குக் கிடைப்பவை சில நொடிகள். சில ஆண்டுகளுக்கு முன் அந்த நொடிகளை நான் தவறவிட்டேன்.

அவர் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். வயது நாற்பதுக்கு மேல். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மனநிலை அளவுமீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனை மனநலக் கோளாறுக்கு லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிட்டு, நான்கு ஆண்டுகளாக நன்றாக இருந்தார்.

“மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களாக்கா?”

“சாப்பிடுறேன் சிஸ்டர்.”

“கை நடுங்குதே?”

“பனிக்குத்தான். லைன்ல எல்லாருக்கும்தான் நடுங்குது.” (லைன் என்பது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்.)

நானும் அதை ஏற்றுக்கொண்டு, ‘மருந்தைத் தொடர்கிறார்’ என்று எழுதி ஒரு மாத மாத்திரையைக் கொடுத்தனுப்பினேன். ஒன்பதாம் நாள் அவருடைய கணவர் அவரைத் தோளில் சாய்த்தபடி அழைத்து வந்தார். வாந்தி, வயிற்றுப்போக்கு, கால் தள்ளாட்டம். பேச்சு குழறியதால் லைன் வீட்டுக்காரர்கள் அவர் குடித்திருப்பதாகவே நினைத்துவிட்டார்களாம். இரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 1.9 மில்லிமோல் இருந்தது. நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு அது பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டும்; 1.5-ஐத் தாண்டினால் நஞ்சேறத் தொடங்கியதாகவே கொள்ள வேண்டும்.

லித்தியம் ஓர் உப்பு. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை எழுதியதிலிருந்து இன்றுவரை, இருமுனைக் கோளாறில் இதற்கு நிகரான மருந்துகள் குறைவு. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதிலும் இதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் பயன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் நடுவே இருப்பது மிகக் குறுகிய இடைவெளி. இது சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. உடலில் நீரோ சோடியமோ குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கும் முயற்சியில் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே மாத்திரையின் அளவு துளியும் மாறாமல், தினமும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கே நஞ்சேற முடியும். என் கேள்விக்கு அந்த அக்கா சொன்ன பதில் உண்மைதான்; கேள்விதான் பயனற்றதாக இருந்தது.

அவர் தேறிய பிறகு உட்கார்ந்து பேசியபோது ஒவ்வொன்றாக வெளிவந்தது. குளிர்காலத்தில் தாகம் எடுப்பதில்லை. எடுத்தாலும் குடிப்பதில்லை, ஏனென்றால் பறிக்கும் இடத்துக்கு அருகில் கழிப்பறை இல்லை. குடிநீரும் கழிப்பறையும் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது; சரிவில் நிற்கும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு அந்தக் குறையைத் தங்கள் உடம்பால் ஈடுகட்டுகிறார்கள். போதாததற்கு, இடுப்புவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக்கை மூன்று வாரமாகச் சாப்பிட்டிருக்கிறார். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் லித்தியம் வெளியேறுவதைத் தடுக்கும். “அது வலி மாத்திரைதானே சிஸ்டர், அதை எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அன்று முதல் என் மதிப்பீடு வாசலிலேயே தொடங்குகிறது. வாசலிலிருந்து நாற்காலிவரை நோயாளி எப்படி நடந்து வருகிறார் என்று பார்ப்பேன். கைகளை முன்னே நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைப்பேன். மெல்லிய நடுக்கம் லித்தியம் சாப்பிடும் பலருக்கும் இருப்பதுதான், ஆனால் தாள் படபடவென்று அடித்துக்கொண்டால் நடக்கவும் பேசவும் வைத்துப் பார்க்க வேண்டும். காலி அட்டைகளையும் மீதி மாத்திரைகளையும் கொண்டுவரச் சொல்லி எண்ணுவேன். ‘சாப்பிடுறீங்களா’ என்பதற்குப் பதில், ‘போன மாசம் எந்தெந்த நாள் விட்டுப்போச்சு’ என்று கேட்டால், விட்டுப்போவது இயல்பு என்ற தைரியத்தில் உண்மை வருகிறது. பி.பி.க்காகச் சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்களா, உப்பைத் திடீரென்று குறைத்தார்களா என்பதையும் கேட்க வேண்டும். இரண்டுமே லித்தியத்தை ஏற்றக்கூடியவை. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்கிறேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

நேரம், இடம் பற்றிய தெளிவைச் சோதிக்க ‘இன்று என்ன தேதி’ என்று கேட்பது பாடப்புத்தக வழக்கம். தேதி பார்க்காமல் வாழ்பவரிடம் அது நியாயமான சோதனை ஆகாது. சம்பளம் போட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் தெளிவாகத் தெரிந்துவிடும்.

நடுக்கத்தைப் போலவே தவறாக வாசிக்கப்படும் இன்னொன்று, ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகளைத் தொடங்கிய சில நாட்களில் சிலருக்கு வரும் உள்ளமைதியின்மை. உட்கார முடியாது, கால் ஓரிடத்தில் நிற்காது, லைனுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். வீட்டார் நோய் முற்றிவிட்டது என்கிறார்கள். கவனிக்காத செவிலியரும் அப்படியே எழுதினால் மருந்தின் அளவு கூட்டப்பட்டு, அவதியும் கூடும். ‘மனசுக்குள்ள பதற்றமா, இல்ல காலுக்குள்ளயா’ என்று கேட்டால் பெரும்பாலும் விளங்கிவிடும். மருந்தை மாற்றியோ குறைத்தோ இதைச் சரிசெய்யலாம். சொல்லாமல் நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

லித்தியம் அளவைப் பார்க்கும் இரத்தம், கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து எடுக்கப்பட வேண்டும். இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டால் காலை ஒன்பதுக்கு. அதுவரை அன்றைய காலை மாத்திரையைத் தொடக் கூடாது. முதல் பஸ்ஸில் கிளம்பி வருபவர்களுக்கு இதை முந்தின மாதமே சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடைபடுவது இங்கே புதிதல்ல என்பதால், அந்த மாதங்களில் ஒரு வார மாத்திரையைக் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம்; தற்கொலை எண்ணம் உள்ளவர் வீட்டில் மட்டும் கூடுதல் மாத்திரையைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும், ஏனென்றால் லித்தியத்தை அளவுக்கு மீறி விழுங்குவது உயிருக்கே ஆபத்து.

லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், நடை தள்ளாடினால், நாக்குக் குழறினால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். வெளியில் பனி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மருந்து பற்றியோ மனநிலை பற்றியோ அவசரமில்லாத சந்தேகம் என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

அந்த அக்காவுக்குக் குறைந்த அளவில் லித்தியத்தை மருத்துவர் மீண்டும் தொடங்கினார். “தண்ணி குடி குடின்னு சொல்றீங்க, காட்டுக்குள்ள எங்க சிஸ்டர் போறது?” என்று அவர் கேட்டபோது என்னிடம் மாத்திரையில் விடை இல்லை. இருவருமாக அவருடைய நாளைப் பிரித்துப் பார்த்தோம். வேலைக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு ஒரு செம்பு, மதியம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வீட்டுக்குச் சோற்றுக்கு இறங்கும்போது இரண்டு தம்ளர், மாலையில் வந்ததும் மீதி. இடுப்புவலிக்கு மருத்துவர் பாராசிட்டமால் எழுதினார். அதன் அட்டையையும் லித்தியம் அட்டையோடு ரப்பர் பேண்ட் போட்டு, ஒவ்வொரு மாதமும் மேசை மேல் வைக்கிறார்.