திரையில் 220, கம்பியில் எவ்வளவு?

பழைய வண்ணாரப்பேட்டையில் இஸ்திரிப் பெட்டிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் எலிமென்ட் மாற்றித் தரும் கடை ஒன்றில், பள்ளி விட்டு வரும்போதெல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பேன். கடைக்கார மாமா மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் இஸ்திரிப் பெட்டி எலிமென்டில் வைப்பார். ஆயிரம் வாட் பெட்டி என்றால் 50 ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். அதே முனைகளை 60 வாட் குண்டு பல்பில் வைத்தால் 60, 70 ஓம் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கும். 230 வோல்ட்டில் 60 வாட் எரிய வேண்டுமானால் 880 ஓம் இருந்தாக வேண்டும். மீதித் தடை எங்கே போனது?

பல்பு எரியும்போதுதான் அது வருகிறது. டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேற அதன் மின்தடை பன்னிரண்டு, பதிமூன்று மடங்கு ஏறிவிடும். இஸ்திரிப் பெட்டியின் நைக்ரோம் கம்பியோ குளிர்ந்திருந்தாலும் கொதித்தாலும் ஏறக்குறைய ஒரே தடையைக் காட்டும். கம்பிக்குக் கம்பி இந்தக் குணம் மாறுகிறது. அன்று மாமா சொல்லித் தந்த இந்தப் பாடம், பல வருடம் கழித்து ஒரு வேப் கருவியை, அதாவது இ-சிகரெட்டை, பிரித்துப் பார்க்க உதவியது.

போன மே மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் அதைக் கொண்டுவந்தான். "ண்ணா, இதுல டெம்பரேச்சர் கன்ட்ரோல் இருக்கு. 220-ல வெச்சிருக்கேன், அதுக்கு மேல போவாதுன்னு சொன்னாங்க. ஆனா பஞ்சு கருகிக்கினே இருக்கு, ஏன்?" என்றான். எங்கே வாங்கினான் என்று நான் கேட்கவில்லை. இ-சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு வைத்தல் எல்லாவற்றையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. விற்றால் முதல் முறையே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் கைமாறி வரும் கருவிக்குள் என்ன கம்பி இருக்கிறது என்று பொறுப்போடு சொல்ல ஆளில்லை. ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி.

முதலில் ஒன்று. இந்தக் கருவிக்குள் வெப்பமானி எதுவும் கிடையாது. திரையில் தெரியும் எண் ஊகம்தான். ஒரு சின்னக் கம்பிச் சுருள், அதாவது காயில், பஞ்சுத் திரியைச் சுற்றியிருக்கும். திரி திரவத்தை உறிஞ்சும், காயில் சுட்டு அதை ஆவியாக்கும். சர்க்கியூட் காயிலின் குளிர்ந்த தடையை முதலில் அளந்து வைத்துக்கொள்கிறது. பிறகு சூடாகும்போது தடை எத்தனை மடங்கு ஏறியது என்று பார்த்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. நிக்கல் கம்பி என்றால் ஒவ்வொரு டிகிரிக்கும் தடை சுமார் 0.6 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 0.10 ஓம் இருந்த காயில், 220-இல் 0.22 ஓம் ஆகிவிடும். அந்த எண் வந்ததும் சர்க்கியூட் மின்சாரத்தைக் குறைக்கும். 2014-இல் எவால்வ் நிறுவனத்தின் டிஎன்ஏ 40 சர்க்கியூட் வழியாக இந்த முறை பரவியது.

எதற்கு இந்தப் பாடு? பஞ்சு ஈரமாக இருக்கும்வரை கொதிக்கும் திரவமே சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அடுப்பில் வைத்த பாத்திரம் தீயாததைப் போல. இந்தத் திரவத்தில் இருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும் கிளிசரின் 290-இலும் கொதிக்கும். திரி உலர்ந்துவிட்டால் பிடிப்பு போய்விடுகிறது, கம்பி ஒரே தாவாகத் தாவுகிறது. 200-ஐத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே உலர்ந்த பஞ்சு பழுப்பேறத் தொடங்கும். அளவு மீறிச் சுடுபட்ட கிளிசரின் சிதைந்து அக்ரோலின் உண்டாகும். எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்கும் புகையில் இருப்பதும் அதுதான். கூடவே ஃபார்மால்டிஹைடும் வரும். இரண்டும் நுரையீரலுக்குள் போகக் கூடாதவை.

ஆக, காவல் முழுக்கக் கம்பியின் கையில். கம்பி சூட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், சூட்டில் நஞ்சு உதிர்க்கவும் கூடாது. இந்த இரண்டு குணமும் ஒரே கம்பியில் நன்றாக அமைவதில்லை.

காந்தல் (Kanthal) என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை. சூட்டில் மேலே அலுமினிய ஆக்சைடு படலம் கெட்டியாகப் படிந்து உள்ளிருக்கும் உலோகத்தைக் காப்பதால் உலைகளுக்கெல்லாம் இதுதான் கம்பி. ஆனால் சூடேறினாலும் தடை கிட்டத்தட்ட மாறாது. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு இது வாய் திறக்காத சாட்சி. நைக்ரோமும் அப்படியே.

நிக்கல் சத்தமாகப் பேசும் கம்பி, ஆனால் உடம்புக்கு ஆகாதது. கவரிங் நகை போட்டால் தோல் தடித்துப் போகிறவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. அந்த ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். நிக்கல் சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நிக்கல் 1,455 டிகிரியில்தானே உருகும், 220-இல் என்ன ஆகும் என்று சமாதானம் சொல்வார்கள். உருக வேண்டிய அவசியமே இல்லை. உப்புக்காற்றில் காசிமேட்டுப் படகின் ஆணி உருகியா அரிக்கிறது? திரவத்தில் ஊறி, சுட்டு, ஆறி, மறுபடி சுட்டு என்று நாளெல்லாம் வேலை செய்யும் கம்பியிலிருந்து உலோகம் கசிகிறது. 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 56 பேரின் கருவிகளைச் சோதித்தார்கள். பாட்டில் திரவத்தில் சொற்பமாக இருந்த குரோமியம், நிக்கல், ஈயம் போன்றவை, காயிலைத் தொட்டு வந்த ஆவியில் பல மடங்கு கூடியிருந்தன.

டைட்டானியம் டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் ஏறும், நல்ல சமிக்ஞைதான். மிதமான சூட்டில் உறுதியான கம்பி. ஆனால் சுத்தம் செய்கிறேன் என்று பஞ்சை எடுத்துவிட்டுக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. டைட்டானியத்தை அப்படிச் செய்யவே கூடாது. வெள்ளைப் பொடியாக டைட்டானியம் டையாக்சைடு படியும், அடுத்த இழுப்பில் அது உள்ளே போகும். தீப்பிடித்தால் தண்ணீரால் அணைக்க முடியாத உலோகம் அது.

மிச்சம் எவர்சில்வர் வகை, அதாவது 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். டிகிரிக்கு 0.09 சதவீத அளவில்தான் ஏறும். முணுமுணுக்கும் கம்பி. இதிலும் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. மற்றவற்றைவிடத் தேவலாம் என்று சொல்லலாமே தவிர, பத்திரமானது என்று நான் சொல்லமாட்டேன். அதுவும் நிக்கோட்டின் கலந்த ஆவி எந்தக் கம்பியில் வந்தாலும் நிக்கோட்டின்தான்.

இனி நம் ஊர் விஷயம். பல கருவிகள் குளிர்ந்த காயில் என்றால் 20 டிகிரி என்று வைத்துக்கொள்கின்றன. வியாசர்பாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாதத்தில் 20 டிகிரி எங்கிருந்து வரும்? அறை 38-இல் இருக்கும்போது அளந்த தடையைக் கருவி 20-க்கு உரியது என்று எழுதிக்கொண்டால், அதற்குப் பின் வரும் கணக்கெல்லாம் தவறு. பிழை 18 டிகிரியோடு நிற்கும் என்று நானும் முதலில் நினைத்தேன். தாளில் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. கருவி பார்ப்பது மடங்கு அல்லவா? அடித்தளமே உயர்ந்துவிட்டால் அதன் 2.2 மடங்கும் சேர்ந்து உயரும். நிக்கல் கம்பியில் திரை 220 காட்டும்போது உண்மையில் 260-ஐத் தொடும். ஸ்டீலில் 240. இது போதாதென்று, காயில் திருகு தளர்ந்து 0.01 ஓம் கூடுதலாகக் காட்டினால், 0.10 ஓம் நிக்கல் காயிலில் இன்னும் 20 டிகிரிப் பிழை வரும்.

சரி, தம்பியின் கருவிக்கு வருவோம். திரையில் கம்பி வகை நிக்கல் என்று வைத்திருந்தது. நான் காயிலைக் கழற்றி, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பக்கத்தில் கொண்டுபோனேன். நிக்கல் காந்தத்தில் ஒட்டும், காந்தலும் ஒட்டும். டைட்டானியம் ஒட்டாது. நைக்ரோமும் 316எல் ஸ்டீலும் பொதுவாக ஒட்டாது. இது அசையவே இல்லை. அப்புறம் மல்டிமீட்டரை வைத்து, சாலிடரிங் அயர்னைக் காட்டிச் சுட்டோம். தடை ஏறியது, ஆனால் துளிதான். அநேகமாக ஸ்டீல்.

கருவி 220-இல் நிறுத்தத் தடை 2.2 மடங்கு ஆகும் என்று காத்திருந்தது. ஸ்டீல் கம்பி அந்த மடங்கை எட்ட, கணக்குப்படி 1,300 டிகிரி வரை போக வேண்டும். வெட்டுப்புள்ளி வரவே வராது. திரி உலர்ந்த ஒவ்வொரு முறையும் மின்சாரம் குறையாமல் பாய்ந்திருக்கிறது. பஞ்சைப் பிரித்துக் காட்டினான். வெளியே பழுப்பு, கம்பியை ஒட்டிய உட்பக்கம் அடுப்புக்கரி. அந்தப் புகையை மூன்று மாதமாக உள்ளே இழுத்திருக்கிறான்.