ஃபார்மேட் என்றால் ‘வடிவமைத்தல்’தானா?

‘உங்கள் வெளிப்புற வன் இயக்கியை அனைத்து இயக்க முறைமைகளுக்கும் ஏற்ப வடிவமைப்பது எப்படி?’ என்கிற மாதிரித் தலைப்புகள் இணையத்தில் பெருகிவிட்டன. சொல்ல வருவது, வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்வது, அதாவது கோப்புகளை ஏற்கும்படி அதை ஆயத்தம் செய்வது. கணினி அறியாத தமிழர் இதைப் படித்தால் டப்பாவின் மேல் பூ வரையச் சொல்லித்தருகிறார்கள் என்று நினைப்பார். கணினி அறிந்தவர் மனத்துக்குள் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் போட்டால்தான் விளங்கிக்கொள்வார். இருவருக்கும் உதவாத இந்தத் தமிழ் யாருக்காக எழுதப்படுகிறது என்று தெரியவில்லை.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைகளில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே தமிழோ கன்னடமோ இந்தியோ, ‘ஃபார்மேட்’ ஒன்றுதான். “ஃபார்மேட் அடிச்சுக் குடுங்கண்ணா” என்றால் வேலை நடந்துவிடும். ஆனால் அங்கும் ஒரு குழப்பம் உண்டு. மடிக்கணினியைக் கொடுத்து அப்படிச் சொன்னால் விண்டோஸை அடியிலிருந்து மறுபடி நிறுவித் தருவார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துச் சொன்னால் காலி செய்து தருவார்கள். சொல் ஒன்று, வேலை இரண்டு.

வேர் சுருக்கமானது. இலத்தீனில் ‘ஃபார்மா’ என்றால் வடிவம். அதிலிருந்து ‘ஃபார்மாத்துஸ்’, உருவாக்கப்பட்டது. ஐரோப்பிய அச்சுக்கூடங்களில் புத்தகத்தின் அளவைக் குறிக்கும் சொல்லாகி, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, கணினிக் காலத்தில் வினையாகவும் ஆனது. அவ்வளவுதான்.

‘வடிவமைத்தல்’ கட்சிக்காரர்கள் இந்த வேரைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். ஃபார்மா என்றால் வடிவு, ஆகவே வடிவமைத்தல். கணக்கு முடிந்தது என்பது அவர்கள் வாதம். முடியவில்லை. அச்சுக்கூடத்தில் அந்தச் சொல் எதைச் சுட்டியது என்று பாருங்கள். ஒரு முழுத் தாளை ஒருமுறை மடித்தால் 2 இலை, அது ஃபோலியோ. இருமுறை மடித்தால் 4 இலை, குவார்ட்டோ. மும்முறை மடித்தால் 8 இலை, 16 பக்கம், ஆக்டேவோ. அங்கே நடந்தது பகுப்பு. ஒரு பரப்பை எத்தனையாகப் பிரிப்பது, எந்த வரிசையில் நிரப்புவது என்கிற ஏற்பாடு. வேரைக் காட்டி வாதாடுகிறவர்கள் வேரோடு நின்றுவிட்டார்கள், கிளையைப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை, ‘வடிவமைப்பு’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ஆடை வடிவமைப்பு, இணையதள வடிவமைப்பு, பாலத்தின் வடிவமைப்பு என்று ‘டிசைன்’ முழுவதையும் அது சுமக்கிறது. எழுத்தைத் தடிமனாக்கி, பத்திக்கு இடம் விட்டு ஓர் ஆவணத்தை ஒழுங்கு செய்வதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறோம். அங்கே பொருத்தம், கண்ணுக்கு ஒரு வடிவம் தெரிகிறது. படம் ஜேபெக்கா பிஎன்ஜியா என்று கேட்கும்போது ‘கோப்பு வடிவம்’ என்பதும் சரி. வட்டில் எந்த வடிவமும் உண்டாவதில்லை. ‘வன்வட்டை வடிவமைப்பவர்’ என்றால் அதைத் தயாரிக்கும் நிறுவனத்துப் பொறியாளர். அவரையும் வீட்டில் உட்கார்ந்து மவுஸைச் சொடுக்குகிறவரையும் ஒரே சொல்லால் அழைப்பது எந்த வகைத் தெளிவு?

‘அழித்தல்’ என்று எழுதுகிறவர்கள் இன்னொரு பக்கம். மேக் கணினியில் பொத்தானே அப்படித்தான் சொல்கிறது என்பார்கள். அந்தப் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மேக்கில் வட்டுகளைக் கையாளும் டிஸ்க் யூட்டிலிட்டி செயலியில் பொத்தானின் பெயர் ‘இரேஸ்’. அதை அழுத்தினால் வரும் சாளரத்தில் ‘ஃபார்மேட்’ என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. ஏபிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் என்று பட்டியல் விரிகிறது. அங்கே ஃபார்மேட் என்பது பெயர்ச்சொல். அதன் பொருள் கோப்பு முறைமை, அதாவது கோப்புகளை வட்டில் வைத்துக் கணக்கெழுதும் ஏற்பாடு. ‘அழிப்பு: எக்ஸ்ஃபேட்’ என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும். ‘வடிவமைப்பு: எக்ஸ்ஃபேட்’ என்றாலும் தேறாது. ‘கோப்பு முறைமை: எக்ஸ்ஃபேட்’ என்றால் தமிழ் தானாக நடக்கிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல் வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

‘அழித்தல்’ ஆபத்தானதும்கூட. சுழலும் வட்டில் ‘குயிக்’ என்ற விரைவு முறையில் செய்தால் கோப்புகளின் அட்டவணை மட்டும் புதிதாக எழுதப்படுகிறது. பழைய படங்களும் வங்கித் தாள்களும் அப்படியே கிடக்கின்றன. மீட்பு மென்பொருள் ஒன்று இருந்தால் தோண்டி எடுத்துவிடலாம். முழு முறையில் செய்தால், விஸ்டா பதிப்பு முதற்கொண்டு விண்டோஸ் வட்டு முழுக்கச் சுழியம் எழுதுகிறது. அதற்கு முந்தைய எக்ஸ்பி பதிப்பின் காலத்தில் பழுதான இடங்களைத் தேடியதோடு சரி. பழைய வட்டை விற்கப்போகிறவர் ‘அழித்தல்’ என்ற சொல்லை நம்பிக் குயிக்கைச் சொடுக்கினால், தன் வீட்டுக் கணக்கையும் சேர்த்தே விற்கிறார்.

அப்படியானால் எந்தச் சொல்? ‘பாத்திப்படுத்தல்’ என்பேன். பாத்தி, பகுத்தல் என்ற பொருளடியிலிருந்து வந்தது. 718ஆம் குறளில் நீர் சொரியும் பாத்தி இருக்கிறது; 465ஆம் குறளில் ‘பாத்திப் படுப்பது’ என்று வினையாகவே வருகிறது. புதிதாக உருக்கி வார்க்க வேண்டியதில்லை. பெங்களூருக்கும் அந்நியமில்லை: எஸ்.பி. ரோட்டுக்குப் பக்கத்திலேயே திகளர்பேட்டை. பெங்களூருக் கரகத் திருவிழாவில் கரகம் எடுக்கும் திகளர் சமூகத்தார் இந்த ஊரில் பாத்தி கட்டிப் பயிர்செய்தவர்கள்தான்.

பொருத்தம் சொல்லின் பழமையால் மட்டும் வரவில்லை. பார்ட்டிஷன் என்பது வரப்பு போட்ட வயல்; அதற்குப் ‘பிரிவு’ போதும். பிரிவுக்குள்ளே சமமான சிறு துண்டுகளாக்கி, எது எங்கே என்று அட்டவணை வைப்பதுதான் ஃபார்மேட். எக்ஸ்ஃபேட்டில் 32 ஜிபிக்கு மேற்பட்ட பிரிவுக்கு விண்டோஸ் இயல்பாகத் தரும் துண்டின் அளவு 128 கேபி. 3 கேபி உள்ள கோப்பை வைத்தாலும் ஒரு முழுப் பாத்தி போய்விடும். இப்படி ஒரு லட்சம் குட்டிக் கோப்புகளைக் கொட்டினால் 300 எம்பி சரக்குக்கு 12 ஜிபிக்கு மேல் இடம் தீர்ந்துபோகும். ‘வடிவமைத்தல்’ என்று சொல்லிவிட்டு இதை விளக்க முடியாது. பாத்தி என்றால் பாதி விளக்கம் சொல்லிலேயே இருக்கிறது. ‘கொச்சை, வயக்காட்டுச் சொல்’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ‘கோப்பு’ மட்டும் எங்கிருந்து வந்தது? பூவைக் கோக்கும் கோத்தலிலிருந்துதான்.

சொல் பயன்படுகிறதா என்பதை நடைமுறையில்தான் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் மேக், வீட்டில் விண்டோஸ், கல்லூரிப் பிள்ளையிடம் லினக்ஸ். பெங்களூருத் தமிழ்க் குடும்பத்தில் இது வழக்கம்தான். மூன்றுக்கும் பொதுவாக ஒரு வட்டு வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் முறைமையில் பாத்திப்படுத்த வேண்டும். விண்டோஸின் சொந்த முறைமையான என்டிஎஃப்எஸ் வட்டை மேக் படிக்கும், எழுத விடாது. ‘பேஸ்ட்’ மங்கிப்போய் நிற்கும். மேக்கின் ஏபிஎஃப்எஸ்ஸையும் லினக்ஸின் எக்ஸ்ட்4-ஐயும் விண்டோஸ் தானாகத் திறக்காது. பழைய முறைமையான ஃபேட்32 எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது. 900 ஜிபி காலியாக இருக்கும்போதே கல்யாண வீடியோவைக் ‘கோப்பு மிகப் பெரிது’ என்று திருப்பி அனுப்பும். எக்ஸ்ஃபேட் 2006இல் வந்தது. மேக் 2010இல் 10.6.5 பதிப்பு முதல் அதைக் கையாள்கிறது. லினக்ஸின் மையமான கெர்னலில் 2020இன் 5.7 பதிப்பு முதல் அதற்கு நல்ல இயக்கி (டிரைவர்) இருக்கிறது.

விண்டோஸில்: முதலில் உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகலெடுங்கள். வட்டின் மேல் வலச்சொடுக்கு, ஃபார்மேட், கோப்பு முறைமையில் எக்ஸ்ஃபேட், துண்டளவை இருப்பதுபோல் விட்டுவிட்டு ஸ்டார்ட். மேக்கில்: டிஸ்க் யூட்டிலிட்டியின் ‘வியூ’ பட்டியலில் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ கொடுங்கள். இதைச் செய்யாமல் உள்பிரிவை மட்டும் தேர்ந்தால் பிரிவுகளின் பட்டியலை எந்த முறையில் எழுதுவது என்று கேட்கும் ‘ஸ்கீம்’ கட்டமே வராது. மேலே இருக்கும் வட்டையே தேர்ந்து, ஃபார்மேட்டில் எக்ஸ்ஃபேட், ஸ்கீமில் ஜியுஐடி கொடுத்து முடியுங்கள். பழைய தொலைக்காட்சியிலோ கார் ஸ்டீரியோவிலோ செருகப்போகிறீர்கள் என்றால் ஜியுஐடிக்குப் பதில் எம்பிஆர் என்ற பழைய முறை. அது 2 டிபிக்கு மேல் தாங்காது. லினக்ஸில் முதலில் எல்எஸ்பிஎல்கே கட்டளையால் எது எந்த வட்டு என்று அளவை வைத்து உறுதிசெய்யுங்கள்; 1 டிபி வட்டு அங்கே 931 ஜிபி என்று தெரியும். பாத்திப்படுத்தும் கட்டளையில் வட்டின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் பாத்திப்படுவது கணினியின் உள்வட்டு.

மேக்கில் ஜியுஐடி கொடுத்த வட்டைப் பிறகு விண்டோஸுக்குக் கொண்டுவந்தால் 200 எம்பியில் இஎஃப்ஐ என்ற, கணினி தொடங்குவதற்கான சிறு பிரிவொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்ட் சாளரம் அதை நீக்க விடாது. டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் வட்டு எண்ணைத் தேர்ந்து ‘கிளீன்’ கொடுத்தால் போகும். எக்ஸ்ஃபேட்டுக்குத் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு கிடையாது, ஆகவே எஜெக்ட் செய்யாமல் கம்பியைப் பிடுங்கினால் அட்டவணை குலையும். அடுத்தமுறை மேக்கில் செருகினால் அது பின்னணியில் சரிபார்த்து முடிக்கும்வரை வட்டு திரையில் எட்டிப்பார்க்காது. வட்டு செத்துவிட்டது என்று கடைக்கு ஓடுகிறவர்களில் பலருக்கு இதுதான். மேக்கின் காப்பு நகல் கருவியான டைம் மெஷினுக்கும் இந்த வட்டு ஆகாது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: செய்துபார்க்காத வேலையை மொழிபெயர்க்காதீர்கள். ‘வன் இயக்கி’ என்று எழுதுகிறவர் அடுத்த பத்தியில் ‘இயக்கியைப் புதுப்பிக்கவும்’ என்கிறார். முதலாவது டிரைவ், இரண்டாவது டிரைவர். அகராதியில் அடுத்தடுத்து இருந்தால் போதுமா? ‘எஜெக்ட்’டை ‘வெளியேற்று’ என்று போட்டு, என்னவோ வட்டு பாய்ந்து வெளியே விழும்போல எழுதுகிறார்கள். ‘கழற்ற ஆயத்தம் செய்’ என்றால் நீளம்தான். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரியும்.

வட்டுக்குப் பெயர் சூட்டும் கட்டத்தை எந்தத் தமிழ்க் குறிப்பும் சொல்வதில்லை. எக்ஸ்ஃபேட்டில் பெயருக்கு 11 இடம். தமிழிலும் வைக்கலாம், ஆனால் கணினி நம் எழுத்தை எண்ணுவதில்லை. கொம்பையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. ‘குடும்பப்படம்’ நமக்கு 8 எழுத்து, அதற்கு 13. ஏற்காது. ‘படங்கள்’ என்று வையுங்கள்; 7தான்.