போட்டிருக்கிற ஃபீஸ் வேற, கட்டப்போற காசு வேற: அமெரிக்காவுல ஃபாஃப்ஸா, பெல் கிராண்ட் வச்சு காலேஜ் பாக்குறது எப்படி

அமெரிக்காவுல வருமானம் கம்மியா இருக்கிற வீடுகள்ல, பிள்ளை பன்னெண்டாவது வந்ததும் முதல்ல காலேஜ் வெப்சைட்டுக்குப் போய் ஃபீஸ் எவ்வளவுன்னு தான் பாக்குறாங்க. வருஷத்துக்கு 80,000 டாலர், 90,000 டாலர்னு போட்டிருக்கும், இது நமக்கு ஆகாதுன்னு அதோட விட்டுடுறாங்க. தயவுசெஞ்சு அப்படி விடாதீங்க. அந்தத் தொகைய எல்லாரும் கட்டுறதில்ல. மொத்த செலவுல இருந்து திருப்பிக் கட்ட வேண்டாத உதவிய கழிச்சா மிச்சம் நிக்கிறது தான் நெட் பிரைஸ், அத வச்சு தான் காலேஜ முடிவு பண்ணணும்.

எல்லாத்துக்கும் முதல் படி ஃபாஃப்ஸா, அதாவது காலேஜ் படிப்புக்கு அரசு உதவி கேட்டுப் போடுற ஃபார்ம். ஃபெடரல் அரசோட ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் சைட்ல போடணும், பைசா செலவில்ல, யாராவது இதுக்கு ஃபீஸ் கேட்டா அது அரசு சைட் இல்லன்னு புரிஞ்சுக்கோங்க. வழக்கமா அக்டோபர் 1 வாக்குல திறப்பாங்க, ஒவ்வொரு வருஷமும் புதுசா போடணும். ரெண்டு வருஷத்துக்கு முந்தின டாக்ஸ் கணக்கத்தான் எடுத்துப்பாங்க, அதாவது 2026-27 படிப்புக்கு 2024 வருமானம். சீக்கிரம் போடுறது முக்கியம், ஏன்னா மாநில அரசு தர்ற பணத்துக்கு தனி கடைசி தேதி இருக்கு, கலிஃபோர்னியாவுல கால் கிராண்டுக்கு வழக்கமா மார்ச் 2, அது தாண்டிட்டா அந்த வருஷத்துக்குக் கிடைக்காமப் போகலாம்.

நம்ம ஆளுங்களுக்கு இங்க ஒரு பெரிய குழப்பம் இருக்கு. அப்பா அம்மா எச்1பிங்கிற வேலை விசால இருக்காங்க, பிள்ளை இங்கயே பொறந்த சிட்டிசன், அப்படின்னா பிள்ளைக்கு தாராளமா தகுதி உண்டு. பெத்தவங்களோட விசா நிலைமைய ஃபார்ம் கேக்குறதே இல்ல, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாத பெத்தவங்க கூட அந்த சைட்ல அக்கவுண்ட் திறக்க முடியும். கிரீன் கார்டு இருக்கிற பிள்ளைங்களுக்கும், அகதியா ஏத்துக்கிட்டவங்களுக்கும் கூட உண்டு. ஆனா பிள்ளையே எச்4, அதாவது எச்1பி ஆளோட குடும்பத்துக்குத் தர்ற விசாவுல இருந்தா ஃபெடரல் பணம் கிடைக்காது, அப்ப மாநிலத்துலயும் காலேஜ்லயும் தனியா என்ன உதவி இருக்குன்னு கேட்டுப் பாக்கணும்.

ஃபார்ம் போட்டதும் எஸ்ஏஐ (ஸ்டூடண்ட் எய்ட் இண்டெக்ஸ்)னு ஒரு எண் வரும். மைனஸ் 1500 வரைக்கும் கூட போகும், எவ்வளவு கம்மியோ அவ்வளவு உதவி தேவைப்படுற வீடுன்னு அர்த்தம். இது நீங்க கட்ட வேண்டிய பில் கிடையாது, வெறும் கணக்குக்கு வச்சிருக்கிற எண் தான், பாத்துட்டு பயப்பட வேண்டாம். இத வச்சு தான் பெல் கிராண்ட், அதாவது வருமானம் கம்மியான வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஃபெடரல் அரசு தர்ற பணம், எவ்வளவுன்னு முடிவாகும். 2025-26க்கு அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டாம், வாழ்நாள்ல மொத்தம் 12 செமஸ்டர் அளவுக்கு கிடைக்கும். கம்யூனிட்டி காலேஜ்ல பல இடத்துல ட்யூஷன் முழுசுமே இதுக்குள்ள அடங்கிடும், அங்க ரெண்டு வருஷம் முடிச்சு மாநில யூனிவர்சிட்டிக்கு மாறுறது நல்ல வழி தான், யாரும் அத கௌரவக் குறைச்சலா நினைக்க வேணாம். ஆனா முடிச்ச பாடங்களுக்குக் கிடைக்கிற கிரெடிட்ல எதெத அங்க ஏத்துப்பாங்கன்னு சேர்றதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, இல்லன்னா படிச்சதையே மறுபடி காசு கட்டி படிக்க வேண்டி வரும்.

அப்ளை பண்றதுக்கு முன்னாடியே நெட் பிரைஸ் தோராயமா தெரிஞ்சுக்கலாம். 2011ல இருந்து காலேஜுங்க தங்களோட சைட்ல நெட் பிரைஸ் கால்குலேட்டர் வச்சிருக்கணும்னு சட்டம், வீட்டு வருமானத்தப் போட்டா ஒரு கணக்கு வரும். இன்னொண்ணு அரசோட காலேஜ் ஸ்கோர்கார்டு சைட், அதுல 30,000 டாலருக்குள்ள வருமானம் இருக்கிற வீடுங்க சராசரியா எவ்வளவு கட்டுறாங்கன்னு காலேஜ் வாரியா இருக்கும். நான் சொல்றது, அதே பக்கத்துல எத்தன பேரு டிகிரி முடிக்கிறாங்கங்கிறதயும் சேத்துப் பாருங்க, ஏன்னா கடனும் வாங்கி படிப்பும் முடியாம வெளிய வர்ற பிள்ளைங்க படுற கஷ்டம் ரொம்பப் பெருசு. பணக்கார காலேஜுங்கள்ல சிலது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மாநில யூனிவர்சிட்டிய விட சல்லிசா வரும், ஹார்வர்டுல 2025-26ல இருந்து 1,00,000 டாலருக்கு கீழ வருமானம் இருக்கிற வீட்டுக்கு வழக்கமா ட்யூஷன், சாப்பாடு, தங்குற இடம் எதுக்கும் காசு இல்ல. சீட் கிடைக்கிறது கஷ்டம் தான், ஆனா காசுக்கு பயந்து அப்ளை பண்ணாம இருக்காதீங்க, அப்ளிகேஷன் ஃபீஸுக்கும் வெய்வர், அதாவது விலக்கு உண்டு.

இப்ப எவ்வளவு உதவி தருவோம்னு காலேஜ் அனுப்புற ஆஃபர் லெட்டருக்கு வருவோம், நிறைய பேரு மாட்டிக்கிறது இங்க தான். உதாரணத்துக்கு ஒரு காலேஜ்ல மொத்த செலவு 60,000 டாலர், லெட்டர்ல பெருசா உங்களுக்கு உதவி 52,000னு இருக்குன்னு வைங்க. 8,000 கட்டினா போதும்னு தோணும். வரி வரியா படிச்சா பெல் 7,395, காலேஜ் கிராண்ட் 24,605, அது ரெண்டும் சேந்து 32,000. மிச்சத்துல 5,500 பிள்ளை பேர்ல லோன், 2,500 வொர்க் ஸ்டடி, அதாவது பிள்ளை வேலை செஞ்சு சம்பாதிக்க வேண்டிய காசு, 12,000 பெத்தவங்க பேர்ல பேரண்ட் ப்ளஸ் லோன். ஆக உண்மையான நெட் பிரைஸ் 28,000. இதே பிள்ளைக்கு சொந்த மாநில யூனிவர்சிட்டியில மொத்தம் 27,000, உதவி வெறும் 17,000, ஆனா அத்தனையும் கிராண்ட்னா கட்ட வேண்டியது 10,000 தான். சின்ன தொகையா தெரியிற லெட்டர் தான் இங்க நமக்கு லாபம். இது ஏதோ ஒண்ணு ரெண்டு காலேஜ் பண்றது இல்ல, 2022ல அரசோட தணிக்கை அமைப்பான ஜிஏஓ பாத்தப்ப சுமார் 91 சதவீத காலேஜுங்க நெட் பிரைஸ சொல்லாம விட்டிருந்தாங்க, இல்ல குறைச்சு சொல்லியிருந்தாங்க. அதனால கணக்க நீங்களே போடுங்க, கிராண்ட், ஸ்காலர்ஷிப் மட்டும் கழிங்க, லோன கழிக்காதீங்க. ஸ்காலர்ஷிப் நாலு வருஷமும் வருமா, எத்தன மார்க் இருந்தா வரும்னும் கேளுங்க.

லோன் எடுத்தே ஆகணும்னா முதல்ல சப்ஸிடைஸ்டு லோன், முதல் வருஷத்துக்கு 3,500 டாலர் வரை, படிக்கிற காலத்துல அந்த வட்டிய அரசே பாத்துக்கும். பேரண்ட் ப்ளஸ் கடைசி, என்னக் கேட்டா அந்தப் பக்கம் போகாம இருக்கிறதே நல்லது.

ரெண்டு வருஷத்துக்கு முந்தின வருமானம் இப்ப இல்லையா, வேலை போயிடுச்சா, பெரிய ஆஸ்பத்திரி செலவு வந்துச்சா? காலேஜோட ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸுக்கு எழுதுங்க. வேலைய விட்டு எடுத்த லெட்டர், சம்பள ஸ்லிப், பில் எல்லாம் இணைச்சு அனுப்பினா கணக்க மாத்திப் போட அவங்களுக்கு சட்டப்படி அதிகாரம் இருக்கு. பல காலேஜ்ல சீட்ட உறுதி பண்ற டெபாசிட் கட்ட கடைசி நாள் மே 1, அதுக்குள்ள பதில் வரலைன்னா டெபாசிட்டுக்கு கூடுதல் டைம் வேணும்னு இமெயில்ல கேளுங்க, போன்ல மட்டும் பேசிட்டு விட்டுடாதீங்க.